ரத்தக் காட்டேரியை விட அதை வேட்டையாடுகிறவர்மீது நமக்கு ஏன் இவ்வளவு பிரியம்?

இரவுப்பணி · இரவு 1:12

இந்த வாரம் முழுக்க எனக்கு நைட். மதுரையில் ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஒரு மணிக்கு மேல் போன் அடிக்காவிட்டால் ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும்தான் துணை. அந்தத் துணையோடு 'டிராகுலா' நாவலை நேற்று முடித்தேன். படமாகப் பல தடவை பார்த்தாயிற்று, புத்தகம் இப்போதுதான்.

முடித்ததும் ஒன்று உறைத்தது. 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய அந்தத் தடிப் புத்தகத்தில் டிராகுலா நேரில் வருகிற பக்கங்கள் கொஞ்சம்தான். முதல் நாலு அத்தியாயம் கோட்டையில் இருக்கிறான். அப்புறம் ஜன்னலில் ஒரு வௌவால், தோட்டத்தில் ஒரு நிழல், எப்போதாவது ஒரு முகம். மீதியெல்லாம் அவனைத் துரத்துகிறவர்களின் டைரியும் கடிதமும் தந்தியும். காட்டேரிக் கதை என்று நாம் சொல்வது காட்டேரியைப் பிடிக்கப் போனவர்களின் கதை.

என் தொழிலை வைத்துப் பார்த்தால், துரத்துகிறவர்களுக்கு வழிகாட்டுகிற கிழ டாக்டர் வான் ஹெல்சிங்கை எனக்குப் பிடிக்கவே கூடாது. டிராகுலா ராத்திரியில் வந்து கடிக்கிற லூசி என்கிற பெண்ணுக்கு ரத்தம் குறைகிறது என்று நான்கு ஆண்களிடம் அடுத்தடுத்து எடுத்து ஏற்றுகிறார்கள். குரூப் பார்க்கவில்லை, கிராஸ் மேட்ச் (இரண்டு ரத்தமும் ஒத்துப்போகுமா என்று கலந்து பார்ப்பது) இல்லை. பார்க்க வழியும் இல்லை. ரத்தத்தில் வகைகள் உண்டு என்று லாண்ட்ஸ்டைனர் கண்டுபிடித்ததே 1901இல்தான். அந்தப் பெண்ணை டிராகுலா கொன்றானா, டாக்டர்கள் கொன்றார்களா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

ஆனாலும் அந்தக் கிழவர் மனதில் ஒட்டிக்கொண்டார். வீடே தூங்கும்போது அவர் ஒருத்தர் முழித்திருக்கிறார். எது உள்ளே வரும், எது வராது, எதைத் தொடக்கூடாது என்று தெரிந்து வைத்திருக்கிறார். இதை வீரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நைட் டியூட்டிக்காரனின் கவனம் மாதிரி இருக்கிறது. உங்களுக்கெல்லாம் எதனால் பிடிக்கிறது? படம், காமிக்ஸ், கேம் எதுவானாலும் சொல்லுங்கள். விடிய இன்னும் நேரம் இருக்கிறது.


கீழமாசிவீதி · இரவு 1:31

தூங்காத இன்னொரு ஜீவன் ஆஜர்.

கவனமாவது கத்தரிக்காயாவது! பிடிப்பதற்கு ஒரே காரணம், கூசாமல் கொல்லலாம். போலீஸ் படத்தில் ஹீரோ ஒருத்தனைச் சுட்டால் அவனுக்குப் பொண்டாட்டி பிள்ளை உண்டு, கோர்ட் உண்டு, கமிஷன் உண்டு. காட்டேரி ஏற்கெனவே செத்தவன். செத்தவனைச் சாகடித்தால் எந்த செக்‌ஷனில் கேஸ் போடுவார்கள்? உடம்புகூட மிஞ்சாது, சாம்பலாகப் பறந்துவிடும். கூட்டிப் பெருக்குகிற வேலைகூட இல்லை.

1998இல் வந்த 'பிளேட்' படத்தின் முதல் சண்டையை நினைத்துப் பாருங்கள். டான்ஸ் கிளப்பில் தண்ணீர்க் குழாயிலிருந்து ரத்தம் மழையாகக் கொட்டுகிறது, அங்கே இருக்கிற காட்டேரிகள் எல்லாம் வாயைத் திறந்து ஆடுகின்றன, நடுவில் கறுப்புக் கண்ணாடியும் நீளக் கோட்டுமாக வேட்டைக்காரன் பிளேட் நிற்கிறான். தியேட்டர் எந்த ஊரில் இருந்தாலும் அந்த இடத்தில் விசில் பறக்கும். அப்போது நான் யோசித்தது கிராஸ் மேட்ச் பற்றி அல்ல.


ஒன்பதாவதுஉயிர் · இரவு 1:40

கேம் பக்கத்திலிருந்து ஒரு ஓட்டு. காசில்வேனியா, 1986, கொனாமி. டிராகுலாவின் கோட்டைக்குள் போகிற வேட்டைக்காரன் சைமன் பெல்மாண்ட் கையில் துப்பாக்கியோ வாளோ கிடையாது, சாட்டை. படிக்கட்டில் ஏறும்போது வௌவால் இடித்தால் நேராகப் பள்ளத்தில் விழுவான். அந்த வௌவாலால் நான் உடைத்த ரிமோட்டுக்குக் கணக்கே இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது சண்டை அல்ல, சுவர். கோட்டைச் சுவரை ஒரு இடத்தில் அடித்தால் உள்ளே வறுத்த கறி இருக்கும், சாப்பிட்டால் உயிர் ஏறும். எந்தச் செங்கல்லில் கறி என்று தெரிந்தவன்தான் வேட்டைக்காரன். இரவுப்பணி அண்ணே சொன்னதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.


கீழமாசிவீதி · இரவு 1:44

நூறு வருஷமாகச் சுவருக்குள் இருந்த கறியை யாரப்பா சாப்பிடுவது? காட்டேரியை விட அதுதான் ஆபத்து.


வைகைக்கரை · காலை 5:48

நடைக்குக் கிளம்புமுன் பார்த்தேன். கீழமாசித் தம்பி எந்தப் பிரிவில் கேஸ் என்று கேட்டிருக்கிறார். வேடிக்கையில்லை, இதற்கு நிஜமாகவே சட்டம் போட்டிருக்கிறார்கள்.

1725இல் செர்பியாவில் கிசிலியேவோ என்று ஒரு கிராமம், அப்போது ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது. பீட்டர் பிளாகோயெவிச் என்பவர் இறந்துபோனார். கொஞ்ச நாளில் ஊரில் அடுத்தடுத்துச் சாவு. செத்தவர்கள் கண்ணை மூடுமுன், பீட்டர் வந்து நெஞ்சில் ஏறி அமுக்கினான் என்று சொன்னதாகப் பேச்சு. ஊர் கூடிக் குழியைத் தோண்டியது. உடம்பு கெடவில்லை, வாயில் ரத்தம், நகம் புதிதாக வளர்ந்த மாதிரி இருந்தது. நெஞ்சில் மரமுளையை இறக்கி, எரித்துவிட்டார்கள். ஆஸ்திரிய அதிகாரி ஒருவர் பக்கத்தில் நின்று அத்தனையையும் பார்த்து மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். அதை ஒட்டித்தான் அந்தப் பேச்சு ஐரோப்பியப் பத்திரிகைகளில் ஏறியது. 1732இல் இன்னொரு கிராமத்தில் ராணுவ மருத்துவர்களே பிணங்களை அறுத்துப் பார்த்து எழுதிய அறிக்கை அதைவிடப் பிரபலம்.

ஆக, முதல் வேட்டைக்காரர்களுக்குக் கோட்டும் கிடையாது, குதிரையும் கிடையாது. பயந்துபோன சம்சாரிகளும், சாட்சிக் கையெழுத்துப் போட்ட குமாஸ்தாக்களும்தான். இது பெருகிப் போகவே 1755இல் ராணி மரியா தெரேசா தன் மருத்துவர் கெரார்ட் வான் ஸ்வீட்டனிடம் விசாரணையை ஒப்படைத்தார். அவர் எல்லாம் அறியாமை என்று எழுதினார். பிணத்தைத் தோண்டக் கூடாது, எரிக்கக் கூடாது என்று ஆணை வந்தது. இந்த வான் ஸ்வீட்டன் டச்சுக்காரர். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வருகிற வான் ஹெல்சிங்கும் டச்சு டாக்டர். ஒருவர் காட்டேரி இல்லை என்று காட்டியவர், மற்றவர் இருக்கிறது என்று காட்ட வந்தவர். இருவரும் செய்தது விசாரணைதான்.

இன்னொன்று. டிராகுலா முளையடித்துச் சாகிறான் என்று பலர் நினைக்கிறார்கள். புத்தகத்தில் அவனைத் துரத்துகிறவர்களில் ஹார்க்கர் வைத்திருப்பது கூர்க்காக்களின் குக்ரிக் கத்தி, மாரிஸ் வைத்திருப்பது அமெரிக்க வேட்டைக் கத்தி. ஒன்று கழுத்தில், ஒன்று நெஞ்சில். வெயில் பட்டால் காட்டேரி அழியும் என்பதும் ஸ்டோக்கர் எழுதியதல்ல. அவருடைய டிராகுலா லண்டன் வீதியில் பகலில் நடக்கிறான். வெயிலில் கரைந்தது 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்கிற ஜெர்மன் மௌனப்படத்தின் காட்டேரி.

செத்த உடம்பில் நகம் வளருமா என்பதை ரத்த வங்கித் தம்பி விளக்கட்டும். எனக்கு நேரமாயிற்று.


இரவுப்பணி · காலை 7:20

டியூட்டி முடிந்து பஸ்ஸில் இருக்கிறேன் சார். நகம் வளராது. தோல் வற்றி உள்ளிழுத்துக்கொள்ளும், அதனால் நீண்ட மாதிரி தெரியும். மேல்தோல் உரிந்தால் அடியில் இருப்பது புதிது மாதிரி இருக்கும். வயிற்றில் வாயு சேர்ந்து உடம்பு உப்பும், அந்த அழுத்தத்தில் சிவப்பாக ஒரு திரவம் வாய்வழியே வரும். குளிர் நாட்டில், ஆழக் குழியில் இதெல்லாம் மெதுவாக நடக்கும். பார்க்கிறவர்களுக்கு, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிற ஆள் மாதிரிதான் இருந்திருக்கும். அந்த நிலையில் முளை அடித்தால் வாயு வெளியேறுகிற சத்தம் முனகல் மாதிரிகூடக் கேட்கும்.

பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்க்கிறார். மீதி அப்புறம்.


தல்லாகுளம்72 · காலை 8:05

எல்லாம் சரி, காட்டேரியை விரட்டப் பூண்டு எதற்கு? மதுரையில் காட்டேரி இறங்கினால் ஒரு ராத்திரி தாங்காது. சால்னாவில் பூண்டு, ரசத்தில் பூண்டு, ஊறுகாயில் பூண்டு. எவன் கழுத்தைக் கடித்தாலும் பூண்டு.


வைகைக்கரை · காலை 8:30

நாவலில் வருவது பூண்டுப் பூ, பெட்டி பெட்டியாக ஹாலந்திலிருந்து வருகிறது. எங்கேயும் இதே ஏற்பாடுதான்: காரமானது, வாடை அடிப்பது, கூர்மையானது. நம் வீடுகளில் இருட்டின பிறகு கறி எடுத்துக்கொண்டு போனால் ஒரு கரித்துண்டோ ஆணியோ போட்டுத்தானே அனுப்புவார்கள்? பச்சை ரத்த வாடைக்குப் பின்னாலேயே வரும் என்று என் அப்பத்தா சொல்லும். எது வரும் என்று மட்டும் சொல்லாது.


உசிலம்பட்டிக்காரி · காலை 10:15

இரவுப்பணித் தம்பி, நல்ல கேள்வி. ஆனால் அந்தப் பூண்டுப் பூவுக்கு என்ன ஆயிற்று என்பதை விட்டுவிட்டீர்கள்.

லூசியின் அம்மா ராத்திரி அறைக்குள் வருகிறார். நெடி தாங்கவில்லை. பிள்ளைக்கு மூச்சு முட்டுமே என்று பூவையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, ஜன்னலையும் கொஞ்சம் திறந்துவிட்டுப் போகிறார். மறுநாள் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்கிறார். அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஜன்னல் திறந்திருக்காது. பெரிய மேதை, அத்தனை சாஸ்திரமும் தெரியும், வீட்டுப் பெண்களிடம் மட்டும் சொல்லமாட்டார். நீங்கள் கவனம் என்று சொல்வதில் பாதி இந்த வாயைத் திறக்காத கெத்து.

ஹார்க்கரின் மனைவி மினா கதையும் அதேதான். எல்லாருடைய டைரியையும் தட்டச்சு செய்து, தேதி வாரியாக அடுக்கி, ஒரே கோப்பாக்கியவள் அவள்தான். ரயில் நேரமெல்லாம் மனப்பாடம். கோப்பு முடிந்ததும் ஆண்கள் என்ன சொன்னார்கள்? 'நீ போய்ப் படுத்துக்கொள், இது பெண்களுக்கான வேலையில்லை.' அப்படி அவளை ஒதுக்கிவைத்த நாட்களில்தான் டிராகுலா அவளிடம் வருகிறான். திரும்பச் சேர்த்துக்கொண்ட பிறகு, அவன் எந்த ஆற்று வழியாக ஊர் திரும்புவான் என்று உட்கார்ந்து கணக்குப்போட்டுச் சொன்னவளும் அவள்தான். எனக்கு அந்தப் புத்தகத்தில் வேட்டைக்காரர் என்றால் மினா. கத்தி வைத்திருந்தவர்கள் கூடப் போனவர்கள்.

இப்போது கீழமாசிவீதிக்கு. கூசாமல் கொல்லலாம் என்கிறீர்கள். நான் ஒன்று சொல்கிறேன்.

எனக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதிருக்கும். சித்திக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம். பேய் பிடித்துவிட்டது என்று அம்மாச்சி வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். பக்கத்து ஊர்க் கோடாங்கி வந்தார். உடுக்கு, சாம்பிராணிப் புகை, வேப்பங்குழை. சித்தி தலையை விரித்துப்போட்டு ஆடினாள். கோடாங்கி மூன்று மணி நேரம் கேட்டது மூன்றே கேள்விதான்: நீ யாரு? எந்த ஊரு? என்ன வேணும்? கடைசியில் அது வாய் திறந்தது. கிணற்றில் விழுந்து செத்தவளாம். புகுந்த வீட்டில் வயிறாரச் சோறு போடவில்லையாம். கறிச்சோறு வேணும், ஒரு புதுச் சேலை வேணும். கொடுத்தார்கள். அப்புறம் சித்தியின் உச்சிமுடியில் ஒரு கொத்தை முடிந்து, தலையில் கல்லைத் தூக்கிவைத்துப் புளியமரத்துக்கு ஓடவிட்டு, அந்த முடியை மரத்தில் வைத்து ஆணி அடித்து அறுத்துவிட்டார்கள். அந்த ஆணி பல வருஷம் மரத்தில் இருந்தது. நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது சுற்றிக்கொண்டு போவோம்.

செர்பியாவில் முளை, எங்கள் ஊரில் ஆணி. ஆனால் ஆணிக்கு முன்னால் கேட்டார்கள். டிராகுலாவைத் துரத்திய கூட்டத்தில் ஒருத்தராவது அவனிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்களா?

சித்தி கேட்ட கறிச்சோறு, அவள் தன் மாமியார் வீட்டில் வாய்விட்டுக் கேட்க முடியாத கறிச்சோறு. அது எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று.


கீழமாசிவீதி · காலை 10:52

அக்கா, இதற்கு நான் என்ன சொல்ல. உங்கள் சித்தி இப்போது எப்படி இருக்கிறார்?


உசிலம்பட்டிக்காரி · காலை 11:03

நன்றாக இருக்கிறாள். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். கறிச்சோறு அவள் கையால்தான் எல்லாருக்கும்.

ஆனால் கோடாங்கியை நான் பெரிய ஆள் ஆக்கவில்லை. வேப்பங்குழை அடி அடிதான், முதுகில் தழும்பு இருந்தது. 2001இல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓடமுடியாமல் செத்தார்கள். அவர்களையும் ஏதோ பிடித்திருக்கிறது என்று நம்பித்தான் வீட்டார் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். கதையில் வேட்டையாடுகிறவரைப் பார்த்துக் கைதட்டும்போது எனக்கு ஒரு கண் கட்டிப்போட்டிருப்பவர் பக்கமே போகிறது. பழக்கதோஷம்.


நெறியாளர் · காலை 11:20

ஏர்வாடி பற்றி விரிவாகப் பேச வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், அது இங்கே ஓரமாகப் பேசுகிற விஷயமல்ல. இந்த இழை தொடரட்டும். படத்தின் முடிவைச் சொல்வதானால் முன்கூட்டியே எச்சரிக்கவும்.


அனுப்பானடி · மதியம் 1:10

ஒருத்தரும் காட்டேரிகளை வேட்டையாடுகிற பள்ளிக்கூடப் பெண் பஃபியைச் சொல்லவில்லையே? அமெரிக்க டிவி தொடர். 1997இலிருந்து 2003 வரை ஏழு சீசன், 144 எபிசோட். நான் வேலைக்குப் போன பிறகு டவுன்லோட் பண்ணி ஒரே மூச்சில் பார்த்தேன்.

பேய்ப் படம் என்றால் இருட்டுச் சந்துக்குள் ஒரு பெண் தனியாகப் போவாள், அடுத்த சீனில் பிணம். இந்தத் தடவை அந்தப் பெண் உள்ளே போகட்டும், வெளியே வருவது அவளாக இருக்கட்டும் என்பதுதான் அந்தத் தொடரின் விதையே. அவளுக்குத் துணை யார் தெரியுமா? பள்ளி நூலகர். புத்தகம் புரட்டி, இது இன்ன பிசாசு, இதை இப்படித்தான் அடிக்கவேண்டும் என்று எடுத்துக் கொடுப்பவர். ஆக இரவுப்பணியும் சரி, கீழமாசிவீதியும் சரி. பாதி நூலகம், பாதி உதை.

எனக்கு ஏன் பிடித்தது என்று கேட்டால், ராத்திரி ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸுக்குத் தனியாக நின்றிருக்கிறேன். அப்போது கைப்பையில் ஒரு கட்டை இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். எனக்குக் காட்டேரி பயமெல்லாம் இல்லை. உயிரோடு சுற்றுகிறவர்களை நினைத்துத்தான்.


ஒன்பதாவதுஉயிர் · மதியம் 1:25

அக்கா, மாஸ்.


வைகைக்கரை · மாலை 4:40

உசிலம்பட்டி அம்மா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அதைப் படித்ததும் அழகர்கோவில் நினைவுக்கு வந்தது. எல்லாருக்கும் தெரிந்த கதைதான், ஆனால் இந்த இழையில் வைத்துப் பாருங்கள்.

மலையாள தேசத்திலிருந்து மந்திரவாதிகள் பதினெட்டுப் பேர் அழகரின் சக்தியைக் களவாட வருகிறார்கள். கண்ணில் மை தீட்டியிருப்பதால் அவர்கள் யார் கண்ணுக்கும் தெரியமாட்டார்கள். கருவறைக்குள்ளேயே இருக்கிறார்கள், ஆனால் தெரியவில்லை. இதை மோப்பம் பிடித்தவர் அர்ச்சகர். அவர் அரிவாள் எடுக்கவில்லை. ஆவி பறக்கப் பறக்கப் பொங்கலைக் கொண்டுவந்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். அந்த ஆவியில் கண்மை கரைந்து வழிந்தது. பதினெட்டுப் பேரும் அப்படியே தெரிந்துவிட்டார்கள். ஊர் பிடித்துக் கொன்று படிக்கு ஒருவராகப் பதினெட்டுப் படியின் கீழ் புதைத்தது. வாய்க்கு வாய் கதை கொஞ்சம் மாறும், பொங்கல் மாறாது.

வான் ஹெல்சிங்குக்குப் பூண்டு, எங்கள் ஊர் பட்டருக்குப் பொங்கல். எதிரியின் பலம் எதில் இருக்கிறது, அது எதில் கரையும் என்று தெரிந்தவர் ஒருவர். இதில் இரவுப்பணித் தம்பி பக்கம் நான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தப் பதினெட்டுப் பேருக்குக் காவலாகக் கூட வந்தது கருப்பு. அழகரின் அழகைப் பார்த்து மனம் மாறி அங்கேயே நின்றுவிட்டது. இன்றைக்கு அந்த வாசலில் சிலை கிடையாது. சாத்திய கதவுக்குச் சந்தனம் பூசிக் கும்பிடுகிறோம். பொய்ச் சத்தியம் செய்ய அந்தப் படியில் ஏற ஒருத்தனுக்கும் தைரியம் வராது. அதாவது களவாட வந்த கூட்டத்தின் ஆள்தான் இப்போது காவல்.

மதுரைவீரனும் அப்படித்தானே? திருட்டை அடக்க வந்தவன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தவன். மீனாட்சி கோயில் கிழக்கு வாசலில் இன்று காவல் நிற்கிறான். நம் பக்கம் காவல் தெய்வத்தின் கதையைக் கிளறினால் பெரும்பாலும் ஒரு கொலை இருக்கும்.


ஒன்பதாவதுஉயிர் · மாலை 5:02

அப்போ கருப்பும் பிளேடும் ஒரே கேஸ்தானே சார்! பிளேடைச் சுமந்த அம்மாவைப் பிரசவ நேரத்தில் காட்டேரி கடித்தது. அதனால் அவன் பாதி மனுஷன், பாதி அவர்கள் ஆள். 1973 காமிக்ஸில் முதலில் வந்தான். 'வேம்பயர் ஹண்டர் டி' என்று ஜப்பானில் 1983இலிருந்து வருகிற நாவல் வரிசையில் டி என்பவனும் காட்டேரிக்கும் மனுஷிக்கும் பிறந்தவன். அவனுடைய இடது கை தனியாகப் பேசும். ஊர்க்காரர்கள் காசு கொடுத்துக் கூப்பிடுவார்கள், வேலை முடிந்ததும் ஊருக்குள் சேர்க்கமாட்டார்கள்.


வைகைக்கரை · மாலை 5:15

ஆமாம் தம்பி. அதுவும் ஜப்பான்காரர் கற்பனை மட்டும் இல்லை. பால்கன் நாட்டுக் கிராமங்களில் காட்டேரிக்குப் பிறந்த பிள்ளைக்குத் தாம்பிர் என்று ஒரு பெயரே உண்டு. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத காட்டேரி அவன் கண்ணுக்குத் தெரியும், அதனால் அவனைக் கூலிக்கு அழைப்பார்கள். கோடாங்கியை எல்லாரும் தேடிப் போவார்கள், ஆனால் யாரும் வீட்டில் உட்கார்த்திச் சோறு போட்டு நான் பார்த்ததில்லை.


தல்லாகுளம்72 · மாலை 6:30

'விடாது கருப்பு' ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளின் கடைசியில் சன் டிவியில் ஓடியது, நம்ம மதுரை இந்திரா சௌந்தர்ராஜன் கதை. குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கதவைச் சாத்துவார்கள். டிவியில் வருகிற சத்தத்துக்கு வாசல் கதவைச் சாத்துவோம், அவ்வளவு பயம். ஆனால் தப்புச் செய்தவனைத்தான் கருப்பு தேடி வரும் என்று ஒரு தைரியமும் இருந்தது. முடிவைச் சொல்லமாட்டேன், நெறியாளர் திட்டுவார்.


கீழமாசிவீதி · இரவு 9:47

கடையைச் சாத்திவிட்டு முழு இழையையும் படித்தேன். காலையில் பேசியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். முழுதாக இல்லை.

கூசாமல் கொல்வது பற்றி ஒரு நாவல் இருக்கிறது, ரிச்சர்ட் மாத்திசன் 1954இல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்'. முடிவைச் சொல்லப்போகிறேன், வேண்டாதவர்கள் தாண்டிப் போங்கள். ஊரே காட்டேரியாகிவிட்டது, நெவில் என்று ஒரே ஒரு மனிதன் பாக்கி. ராத்திரி வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பகலில் வீடு வீடாகப் போய், தூங்குகிறவர்களை முளையடித்துக் கொல்வான். படிக்கிற நாமும் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே கூடப் போவோம். கடைசியில் பார்த்தால் அவர்களில் ஒரு பகுதியினர் நோயோடு வாழப் பழகி, தங்களுக்கென்று ஒரு சமூகத்தை அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளைப் பயமுறுத்தச் சொல்கிற பூதம் யார்? தூங்கும்போது வந்து கொல்கிற நெவில்தான். அதைப் படித்த அன்றைக்கு நான் கடைக்குப் போகவே இல்லை.

அதனால் அக்கா, உங்கள் கேள்விக்கு என் பதில்: டிராகுலாவிடம் யாரும் கேட்கவில்லை, உண்மைதான். கேட்டிருந்தால் அவனுக்கு வேண்டியது சேலையும் கறிச்சோறும் இல்லை, லூசி வேண்டும் என்றிருப்பான். அதைக் கொடுக்க முடியாதே. 1958இல் வந்த 'டிராகுலா' படத்தில் வான் ஹெல்சிங்காக நடித்த பீட்டர் குஷிங் மேஜைமேல் ஓடிப் பாய்ந்து திரைச்சீலையைக் கிழித்து வெயிலை உள்ளே விடுவார். இரண்டு மெழுகுவர்த்தித் தாங்கிகளைக் குறுக்கே பிடித்துச் சிலுவையாக்கி அவனை வெயிலுக்குத் தள்ளுவார். அந்த இடத்தில் இப்போதும் விசில் அடிப்பேன். மன்னிக்கவும்.


உசிலம்பட்டிக்காரி · இரவு 10:05

அடியுங்கள், அடியுங்கள். அந்த சீனில் நானும் அடிப்பேன். கையில் கிடைத்த மெழுகுவர்த்தித் தாங்கியை வைத்துச் சமாளித்தாரே, அதற்காக.

டிராகுலாவுக்கு லூசிதான் வேண்டும் என்பது சரி. அவளுடைய அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம் என்பதில் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன்.


இரவுப்பணி · இரவு 2:05

இன்றைக்கு ரஷ். இப்போதுதான் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் படித்துவிட்டேன், ஒவ்வொன்றாகப் பதில் எழுத நேரமில்லை. இப்போது நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு அம்மாச்சி வந்தார், மேலூர்ப் பக்கம். மகளுக்குப் பிரசவம், ரத்தம் ஏற்றவேண்டும். கூட வந்த ஆம்பளைகள் மருந்து வாங்க எங்கேயோ போயிருந்தார்கள். குரூப் பார்த்து, கிராஸ் மேட்ச் போட்டு முடிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழக்கமாக அந்த நேரத்தில் நான் யாரிடமும் பேசமாட்டேன். இன்றைக்கு உசிலம்பட்டி அக்காவால் பேசினேன். எதற்கு இவ்வளவு நேரம், உங்கள் மகள் ரத்தத்தோடு இதைக் கலந்து பார்த்தால் என்ன தெரியும், ஏன் 2 முதல் 6 டிகிரிக்குள்ளேயே வைத்திருக்கிறோம், ஏன் 35 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை, எல்லாம் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். 'இம்புட்டு இருக்கா' என்றார்.

பெட்டியில் வைத்துக் கொடுத்தால் வாங்கவில்லை. வார்டு எதிர்க் கட்டடம். நடுவில் முற்றம், ஒரு வேப்பமரம், அங்கே இருந்த லைட் போன வாரம் போனது.

'தம்பி, இரும்பு ஏதாச்சும் இருக்கா? ராத்திரியில ரத்தமுல்ல கொண்டு போறேன்' என்றார்.

ஒரு நிமிஷம் என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் பக்கம் பார்க்கவேண்டியதை எல்லாம் பார்த்தாயிற்று. அவர் பக்கம் ஒன்று பாக்கி இருந்தது. மேஜை டிராயரில் ஒரு ஊக்கு கிடந்தது. அதை எடுத்து அவருடைய துணிப்பையில் குத்திக் கொடுத்தேன். பையில்தான், பேக் இருந்த பெட்டி பக்கமே கொண்டுபோகவில்லை, யாரும் பதற வேண்டாம். அதற்கப்புறம்தான் பெட்டியைக் கையில் வாங்கினார். வாசலில் நின்று, அவர் முற்றத்தைத் தாண்டி எதிர்க் கட்டடத்துக்குள் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.


ஒன்பதாவதுஉயிர் · இரவு 2:11

அண்ணே, ஊக்கு வேலை செய்ததா?


இரவுப்பணி · காலை 6:50

கிளம்பும்போது வார்டில் எட்டிப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 7.2 இருந்தது 8.1 ஆகியிருக்கிறது. ஒரு பேக்குக்கு அவ்வளவுதான் ஏறும். அம்மாச்சி பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊக்கைத் திருப்பித் தரவில்லை.